ஐந்து வழி ஒலி, ஓர் இசை
பல சானல் ஆம்ப்ளிஃபயரைப் பேணுதலும் பண்படுத்துதலும்

ஒலியைப் பெருக்குவது கருவியின் வேலை. அதனை அளவோடு அமைப்பது மனிதரின் வேலை. இவ்விரண்டையும் பிரித்தறியாத இல்லங்களில், விலையுயர்ந்த இசைக்கருவியும் வீட்டாருக்கிடையே பிணக்கையே விளைவிக்கும்.

மாணவியரே! உங்களுள் சிலருடைய வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே பல சானல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இடம்பெற்றிருக்கலாம். முன்னே மூன்று ஸ்பீக்கர்கள், பக்கவாட்டில் இரண்டு, தரையில் ஒரு சப்-ஊஃபர். படம் தொடங்கியதும் என்ன நிகழ்கிறது? பாட்டிக்கு வசனம் விளங்கவில்லை. "கொஞ்சம் கூட்டு" என்கிறார். கூட்டியவுடன் சண்டைக் காட்சி வருகிறது. சன்னல் கண்ணாடி அதிர்கிறது. "குறைத்து வை" என்கிறார் அப்பா. அடுத்த அறையில் தேர்வுக்குப் படிக்கும் அக்காள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இறுதியில் "கருவி சரியில்லை" என்று முடிவு கட்டி, இன்னும் பெரியதொன்றை வாங்க எண்ணுகிறார்கள்.

பெரும்பாலும் கருவியில் குற்றமில்லை. அந்த அறைக்கும் அங்கு அமர்வோர்க்கும் ஏற்ப அது பண்படுத்தப்படவில்லை. அப்பணிக்கு வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு கைபேசி, ஒரு மணி நேரம், சிறிது பொறுமை. இவற்றுள் எதையும் புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

1. ஆலயத்திலிருந்து கூடம் வரை

பல திசைகளிலிருந்து இசையைக் கேட்கும் இன்பம் மின்சாரத்தோடு பிறந்ததன்று. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் புனித மாற்கு பேராலயம் உள்ளது. அங்கே 16-ஆம் நூற்றாண்டில் பாடகர் குழுவை இரண்டாகவும் அதற்கு மேலாகவும் பிரித்து, ஆலயத்தின் வெவ்வேறு இடங்களில் நிறுத்திப் பாடச் செய்தனர். ஒரு குழு பாட, மற்றொரு குழு எதிர்ப்பாட்டாக விடையளிக்கும். அட்ரியன் வில்லார்ட் 1527 முதல் அங்கு இசைத் தலைவராக விளங்கினார். பின்னர் 1585 முதல் ஆர்கன் வாசித்த ஜொவான்னி காப்ரியேலி இம்முறையை மேலும் வளர்த்தார். 1597-இல் அச்சான அவரது இசைத் தொகுப்பில், எந்த இடத்தில் மெல்ல இசைக்க வேண்டும், எந்த இடத்தில் உரக்க இசைக்க வேண்டும் என்று குறித்த ஒரு படைப்பு உண்டு. அவ்வாறு அச்சிட்டுக் காட்டிய தொடக்கக் காலப் படைப்புகளுள் அது ஒன்று. ஒலியின் அளவைக் குறித்து வைக்கும் அந்தக் கவனமே இக்கட்டுரையின் பொருளும் ஆகும்.

மின்கருவிகள் வந்த பின், இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் இரு சானல் ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933 ஏப்ரல் 27-ஆம் நாள், பிலடெல்பியா நகரில் வாசித்த இசைக்குழுவின் ஒலியை மூன்று தனித் தொலைபேசிக் கம்பிவழிகளில் வாஷிங்டன் அரங்கிற்கு அனுப்பிக் காட்டினர் பெல் ஆய்வுக்கூடத்தார். 1940-இல் வால்ட் டிஸ்னியின் "பேன்டேசியா" திரைப்படம் பல சானல் ஒலியுடன் நியூயார்க்கில் காட்டப்பட்டது. 1970-களில் வீடுகளுக்கென நான்கு சானல் இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத பல முறைகள் போட்டியிட்டமையால் அவை நிலைக்கவில்லை. 1990-களில் எண்முறை ஒலிப்பதிவு திரையரங்குகளுக்கு வந்து, பின் இல்லங்களையும் எட்டியது. இன்று நாம் காணும் 5.1 அமைப்பு அதன் வழி வந்ததே.

2. சானல் என்பது யாது?

தொலைக்காட்சி நிலையத்தையும் நாம் சானல் என்கிறோம். இங்கு அது பொருளன்று. ஒலி தனித்துச் செல்லும் ஒவ்வொரு வழியும் ஒரு சானல். 5.1 என்பதில் 5 என்ற எண் முன் இடம், முன் வலம், நடு, பக்க இடம், பக்க வலம் ஆகிய ஐந்து முழு ஒலி வழிகளைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 1, இடி, வெடி போன்ற தாழ்ந்த ஒலிகளை மட்டும் சுமக்கும் வழி. அது முழு வழியன்று. ஆதலால் புள்ளிக்குப் பின் வைத்தனர்.

திரைப்படங்களில் வசனம் பெரும்பாலும் நடு சானலிலிருந்தே வருகிறது. பாட்டியின் குறைக்கு மருந்து எங்கே உள்ளது என்பதற்கு இது முதல் குறிப்பு.

3. பெருக்கி எவ்வாறு பெருக்குகிறது?

இசைத்தட்டுக் கருவியிலிருந்து வரும் குறிகை ஏறத்தாழ 2 வோல்ட் அளவே இருக்கும். அதன் மின்னோட்டமோ மிகச் சிறிது. அதனால் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்க இயலாது. பெருக்கி அந்தக் குறிகையை ஊதிப் பெரிதாக்குவதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரும் டையோடுகளும் நேர்மின்சாரமாக மாற்றித் தர, பெரிய மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைக்கின்றன. சிறிய குறிகை, டிரான்சிஸ்டர் என்னும் குழாயைத் திறந்தும் மூடியும் அத்தேக்கத்திலிருந்து வேண்டிய அளவு மின்சாரத்தை வெளியே விடுகிறது. கை சிறிது, ஆனால் அது திருப்பும் குழாயில் வரும் நீர் பெரிது.

8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட் தர வேண்டுமானால் ஏறத்தாழ 28 வோல்ட்டும் 3.5 ஆம்பியரும் தேவை. 4 ஓம் ஸ்பீக்கரானால் அதே வோல்ட்டிற்கு இருமடங்கு மின்னோட்டம் இழுக்கும். எனவே கருவியின் பின்புறத்தில் எத்தனை ஓம் வரை இணைக்கலாம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த பின்பே ஸ்பீக்கர் வாங்க வேண்டும்.

இனி, பல சானல் கருவிக்கே உரிய ஒரு செய்தி. ஒரு பெட்டிக்குள் ஐந்து பெருக்கிகள் இருப்பினும், பெரும்பாலானவற்றில் மின்வழங்கி ஒன்றே. மொட்டை மாடித் தொட்டி ஒன்றிலிருந்து ஐந்து குழாய்களுக்கு நீர் செல்வது போன்றது இது. ஒரு குழாயைத் திறந்தால் வேகமாக வரும். ஐந்தையும் திறந்தால் ஒவ்வொன்றிலும் குறையும். "சானலுக்கு 100 வாட்" என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது, பெரும்பாலும் இரண்டு சானல்களை மட்டும் இயக்கி அளந்த அளவாகும். வாங்கும்போது எத்தனை சானல் இயங்க அளந்தது, எத்தனை ஓமில் அளந்தது என்ற இரு வினாக்களைக் கேட்பவர் ஏமாறுவதில்லை.

மற்றொன்றும் அறிக. திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 80 வாட் கருவிக்கும் 100 வாட் கருவிக்கும் உள்ள வேறுபாடு 1 டெசிபல் அளவே. கூர்ந்து கேட்டால்தான் அது தெரியும். கூடத்தில் இயல்பாகக் கேட்கும்போது ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் அளவே செலவாகும். மீதித் திறன் திடீரென எழும் உரத்த ஒலிகளுக்கான சேமிப்பு. அச்சேமிப்பும் தீரும்படி ஒலியைக் கூட்டினால் அலையின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். உயர் ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர் எரிந்துபோகவும் கூடும்.

4. பேணும் முறை

கருவியின் மேல் பூவேலை செய்த துணியை விரித்து, அதன் மேல் பூச்சாடி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அழகுதான், ஆயினும் கருவியின் மூச்சை அது அடைக்கிறது. மேல் மூடியிலுள்ள துளைகள் வெப்பம் வெளியேறுவதற்கானவை. மேலே ஒரு சாண் அளவேனும் இடம் விட்டு, பக்கங்களிலும் காற்றோட்டம் இருக்குமாறு வைக்க வேண்டும். கதவுள்ள அலமாரிக்குள் பூட்டி வைத்தல் ஆகாது. பூச்சாடியின் நீர் உள்ளே சிந்தினால் விளையும் கேடு சொல்ல வேண்டியதில்லை.

செருகியை நில இணைப்புள்ள மூன்று துளைப் பொருத்தியிலேயே மாட்டுக. இடி மின்னல் தொடங்குமுன்பே செருகியைக் கழற்றி விடுக. கூரை ஆன்டெனா, கேபிள் டி.வி. இணைப்பு இருந்தால் அதையும் கழற்றுக. ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றும்போது கருவியை அணைத்துவிட்டே மாற்ற வேண்டும். கம்பியின் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் குறுக்குச் சுற்று ஏற்படும்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆவல் சிலருக்கு எழலாம். செருகியைக் கழற்றிய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எனவே உட்புறம் தேர்ந்த பழுதுபார்ப்பவருக்கே உரியது. வெளிப்புறத் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பது உங்கள் பங்கு.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி 5 மீட்டர் தூரம் சென்று திரும்புகையில் அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம் மட்டுமே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் இது மிகச் சிறிது. ஆகவே பெரும் விலைக் கம்பிக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

5. பண்படுத்தும் படிகள்

முதற்படி, இடம் வகுத்தல். எல்லாரும் அமரும் இருக்கையிலிருந்து தொடங்குக. அங்கிருந்து நேர் எதிரே நடு ஸ்பீக்கர். முன் இடமும் முன் வலமும் நேர்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருக்கட்டும். பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுகளுக்குச் சற்றுப் பின்னால் அமையட்டும். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்த கோணங்கள் இவை. உங்கள் பாகைமானி இங்கும் பயன்படும். முன் ஸ்பீக்கர்கள் அமர்ந்தவரின் காது உயரத்தை ஒட்டியிருத்தல் நலம். நடு ஸ்பீக்கர் தாழ்ந்த மேசையில் இருந்தால் அதன் முகத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும்.

இரண்டாம் படி, முனை பார்த்தல். கருவியின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனையோடும், கருப்பு கருப்போடும் சேர வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போகும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். பாடுவோரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

மூன்றாம் படி, பணி பிரித்தல். சிறிய ஸ்பீக்கர்களால் மிகத் தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. கருவியின் அமைப்புப் பட்டியலில் அவற்றைச் "சிறியவை" எனக் குறித்து, பிரிப்பு அலைவெண்ணை 80 ஹெர்ட்ஸ் என வைத்தால், அதற்குக் கீழுள்ளவை சப்-ஊஃபருக்குச் செல்லும். அத்துணைத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் அறியாது. ஆதலால் ஒரு சப்-ஊஃபரே ஐந்துக்கும் பொதுவாக நிற்க முடிகிறது.

நான்காம் படி, தூரம் அளத்தல். நம் நாட்டு வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முன் ஸ்பீக்கர்கள் இருக்கையிலிருந்து 3 மீட்டர், நடு 2.8 மீட்டர், பக்க இடம் 1.4 மீட்டர், பக்க வலம் 1.75 மீட்டர். பக்க இடத்தின் ஒலி 1.6 மீட்டர் குறைவாகப் பயணம் செய்கிறது. 1.6-ஐ 350-ஆல் வகுத்தால் 0.0046 நொடி, அதாவது 4.6 மில்லிநொடி முந்தி வந்துவிடுகிறது. இவ்வாறே பக்க வலம் 3.6 மில்லிநொடியும், நடு 0.6 மில்லிநொடியும் முந்தும். ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து வந்தால், முதலில் எட்டியதன் திசையிலேயே அது தோன்றியதாக மூளை கொள்ளும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்பவர் இதனை விரிவாக ஆராய்ந்தார். நீங்கள் அளந்த தூரங்களைக் கருவியில் பதிந்தால், அருகிலிருப்பவற்றை அது அந்தந்த அளவு காத்திருக்கச் செய்து, ஐந்தையும் ஒரே நேரத்தில் செவிக்குக் கொண்டு சேர்க்கும்.

ஐந்தாம் படி, அளவு சமன்செய்தல். கருவியில் "சோதனை ஒலி" என்ற ஏற்பாடு உண்டு. மழைபோல் இரையும் ஓர் ஒலி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முறையே வரும். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து, அமர்பவரின் தலை இருக்கும் இடத்தில் பிடித்து, ஐந்தும் ஒரே எண்ணைக் காட்டுமாறு தனித்தனியே திருத்துக. கைபேசி காட்டும் எண் முற்றிலும் சரியாக இல்லாவிடினும் குற்றமில்லை. ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுவதால் வேறுபாடு சரியாகவே வரும். அருகிலுள்ள பக்க ஸ்பீக்கர்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை நீங்களே காண்பீர்கள்.

சில கருவிகள் தம்முடன் வரும் மைக்கைக் கொண்டு தாமே அளந்துகொள்ளும். அப்போது மைக்கைச் சோபாவின் மெத்தைமேல் போடாமல், தாங்கி ஒன்றில் காது உயரத்தில் நிறுத்துக. மின்விசிறியை அணைத்துவிடுக. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும் நேரம் இதற்கு ஏற்றதன்று.

ஆறாம் படி, சப்-ஊஃபருக்கு இடம் தேடுதல். ஒவ்வோர் அறைக்கும் சொந்தக் குரல் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 5 மீட்டர் இருந்தால் 35 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே நிலையலையாக நிற்கும். 4 மீட்டரானால் ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸ். இவ்வொலிகள் சுவரோரம் மிகுந்தும் அறை நடுவில் மெலிந்தும் கேட்கும். சப்-ஊஃபருக்கு நல்ல இடம் காண எளிய வழி ஒன்று உண்டு. அதைத் தற்காலிகமாக நீங்கள் அமரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த ஒலி மிகுந்த இசையை ஒலிக்கச் செய்து, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே ஒலி குமுறாமலும் மறையாமலும் சீராக உள்ளதோ அங்கே சப்-ஊஃபரை வைக்கலாம். தம்பி தங்கையர் இச்சோதனையில் மகிழ்ச்சியோடு பங்குகொள்வர்!

ஏழாம் படி, அறையைப் பதப்படுத்தல். மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். தரையில் ஒரு சமுக்காளமும் சன்னலுக்குக் கனத்த திரையும் இருந்தால் வசனம் தெளியும்.

எட்டாம் படி, வீட்டாரைக் கேட்டல். எண்கள் சமமான பின், பாட்டியை அவர் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்த்தி ஒரு படத்தின் உரையாடலை ஒலிக்கச் செய்க. நடு சானலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திப் பார்க்க. முதுமையில் உயர் அலைவெண்கள் முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துகளின் தெளிவு அவற்றில்தான் உள்ளது. ஆதலால் முதியோருக்கு ஓசை கேட்கும், சொல் விளங்காது. இரவு நேரத்தில், உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும் "இரவு முறை"யைப் பயன்படுத்தினால், மொத்த ஒலியைக் கூட்டாமலே வசனம் கேட்கும். படிக்கும் அக்காளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அது செய்யும் நன்மை பெரிது.

6. திரும்பக் கிடைக்காத செல்வம்

ஆம்ப்ளிஃபயர் பழுதானால் வேறொன்று வாங்கலாம். செவியோ அவ்வாறன்று. நம் ஒவ்வொரு உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அலையை மூளை அறியும் மின்குறிகையாக மாற்றுவதற்கு உதவுபவை அவையே. மிகையான ஒலியால் அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. வலியும் தோன்றாது, ஆண்டுகள் கழிந்தே குறை தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபலே அவ்வளவு நேரத்திற்கு உரிய எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். அதன்படி குழந்தைகளுக்கு 78 டெசிபலில் 20 மணி, 81-இல் 10 மணி, 84-இல் 5 மணி. ரிமோட்டில் சில அழுத்தங்களே கூடின. வாரக் கணக்கோ எட்டில் ஒன்றாகிவிட்டது. படம் பார்க்கும்போது ஒருவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஒலி மிகுதி என்று அறிந்து குறைக்க. காதில் ரீங்காரம் எழுந்தால், அது செவி விடுக்கும் எச்சரிக்கை.

7. முடிவாக

புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், பல உறுப்புகள் கொண்ட ஒரே உடலைப் பற்றி எழுதுகிறார். சப்-ஊஃபர் உரக்க முழங்குவதால் அது பெரிதன்று. பக்க ஸ்பீக்கர் மெல்லிய மழையோசை மட்டும் தருவதால் அது சிறிதன்று. அருகிலிருப்பது சற்றுக் காத்திருக்கிறது. உரத்தது சற்றுத் தணிகிறது. சொல்லைச் சுமப்பது சற்று முன்நிற்கிறது. அப்போதுதான் ஐந்தும் ஓர் இசையாகின்றன.

வரும் விடுமுறையில் அளவு நாடாவை எடுங்கள். தந்தையாரையோ தாயாரையோ துணைக்கு அழைத்துத் தூரங்களை அளந்து எழுதுங்கள். பதிந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கருவியின் அருகே வைத்தால், எவரேனும் மாற்றிவிடினும் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். இயற்பியல் நூலில் படித்த அலைவெண்ணும் மின்தடையும் டெசிபலும் தேர்வுத் தாளோடு முடிவன அல்ல, பாட்டி தம் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து, "என்ன சொன்னான்?" என்று கேளாமல் ஒரு படத்தை முழுமையாகப் பார்க்கச் செய்யவும் அவை உதவும்.